பிரிவை நிறுத்தும் நஞ்சு

மருந்துக் கடையில் கால்சிசின் கேட்டால் தரும் அட்டையில், ஒரு மாத்திரைக்கு 0.5 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கும். ஒரு கிராம் பொடியில் 2,000 மாத்திரைகள் என்று கணக்கு. நள்ளிரவில் கால் பெருவிரல் மூட்டு திடீரென்று சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்காதபடி வலிக்கும் கவுட் நோய்க்கு, அதாவது நம் ஊர்ப் பேச்சில் ‘யூரிக் ஆசிட்’ தொந்தரவுக்கு, மருத்துவம் அறிந்த மிகப் பழைய மருந்துகளில் இது ஒன்று. அளவு தப்பினால் இதே பொருள் ஆளைக் கொல்லும். கொல்லத் தொடங்கிய பிறகு தடுத்து நிறுத்த மருத்துவமனைகளின் அலமாரியில் முறிவு மருந்து கிடையாது.

உலகச் சந்தையில் புழங்கும் கால்சிசினில் கணிசமான பங்கு, கொங்கு நாட்டிலும் திண்டுக்கல், நாகை, அரியலூர்ப் பக்கங்களிலும் விளையும் கண்வலி விதையிலிருந்து பிறக்கிறது. செங்காந்தள் என்று இலக்கியமும், கலப்பைக் கிழங்கு என்று சித்த மருத்துவமும், கார்த்திகைப் பூ என்று ஈழமும் அழைக்கும் அதே கொடியின் விதைதான். ஆனால் இந்த மூலக்கூறு அறிவியலுக்கு அறிமுகமானது நம் கொடி வழியாக அல்ல. அதற்கு இன்னொரு செடி இருந்தது.

ஐரோப்பியப் புல்வெளியில்

கால்சிகம் என்ற அந்தச் செடி ஐரோப்பாவின் ஈரப் புல்வெளிகளில் தானாக முளைப்பது. இலையுதிர் காலத்தில், ஓர் இலைகூட இல்லாமல், மண்ணிலிருந்து நேராக இளஞ்சிவப்புப் பூ மட்டும் எழும். இலையும் காயும் அடுத்த வசந்தத்தில்தான் வரும். அந்த இலை, அங்கே சமையலுக்குப் பறிக்கும் காட்டுப் பூண்டின் இலையைப் போலவே இருக்கும். மத்திய ஐரோப்பாவில் வசந்தம் வந்தால், கீரை என்று நினைத்து இதைச் சமைத்து உண்டு இறப்பவர்கள் இன்றும் உண்டு.

கிரேக்க மருத்துவர் டயாஸ்கரிடிஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இதைக் கொல்லும் செடி என்று எழுதிவைத்தார். ஆறாம் நூற்றாண்டில் பைசாந்திய மருத்துவர் டிராலஸ் ஊர் அலெக்சாண்டர், கால்சிகம் இனத்தைச் சேர்ந்த கிழங்கை மூட்டு வலிக்குக் கொடுத்தார். வலி போனது, கூடவே வயிறும் போனது. அந்தப் பேதியைக் கண்டு பயந்தே பல நூற்றாண்டுகளுக்கு மருத்துவர்கள் இதைத் தள்ளிவைத்திருந்தார்கள்.

திரும்ப உள்ளே கொண்டுவந்தவர் வியன்னாவின் அன்டன் ஃபான் ஸ்டோர்க். ஊமத்தை, ஹெம்லாக் போன்ற நஞ்சுச் செடிகளைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து எழுதியவர் அவர். 1763இல் கால்சிகம் பற்றி அவர் வெளியிட்ட நூல் நீர்க்கோவைக்கு அதைப் பரிந்துரைத்தது. கவுட் அவர் நினைவில் இல்லை. சில ஆண்டுகளில் பிரான்சில் ஹுசான் என்ற ராணுவ அதிகாரி ஒரு ரகசிய மருந்து நீரை விற்கத் தொடங்கினார். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லமாட்டார். ஆனால் கவுட் வலி நின்றது. பணக்காரர்கள் என்ன விலைக்கும் வாங்கினார்கள். அந்த ரகசியம் கால்சிகம்தான் என்று லண்டனில் ஒருவர் அவிழ்த்துக் காட்ட 1814 வரை ஆனது.

ஆயிரம் ஆண்டுக்கு மேலான இந்தக் காலத்தில் மருந்தைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் சேர்ந்திருந்தது: கொடுத்தால் வலி போகும். ஏன் போகிறது என்று கேட்க வேறொரு வகை ஆட்கள் வேண்டியிருந்தது.

கிழங்கிலிருந்து பொடிக்கு

1820இல் பாரிசில் பெல்லெட்டியேவும் காவென்டூவும் கால்சிகத்திலிருந்து ஒரு காரப் பொருளைப் பிரித்தார்கள். அதே ஆண்டு சிங்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்துப் புகழ்பெற்ற இணை இது. குயினைன் விஷயத்தில் சரியாக இருந்த அவர்களுடைய கணிப்பு இங்கே தவறியது: தாங்கள் பிரித்தது வேறொரு செடியில் ஏற்கெனவே கிடைத்த வெராட்ரின்தான் என்று நினைத்துவிட்டார்கள். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியல் கற்பித்த ஃபிலிப் லோரன்ஸ் கைகர் 1833இல் இது தனிப் பொருள் என்று நிறுவிப் பெயரும் வைத்தார். 1884இல் பிரான்சில் ஊடே என்பவர் அதைப் படிகமாக்க, 1 மில்லிகிராம் குளிகை விற்பனைக்கு வந்தது. கிழங்குக்குக் கிழங்கு, கஷாயத்துக்குக் கஷாயம் மாறிய வீரியத்துக்கு முடிவு கிடைத்தது.

அந்தக் காலம் வரை மருத்துவக் கல்லூரிகளில் மருந்துப் பாடம் என்பது பட்டியலை மனப்பாடம் செய்வது. இந்த வேர் இதற்கு, அந்தப் பட்டை அதற்கு என்று போகும். இன்று எஸ்டோனியாவில் இருக்கும் டோர்பாட் பல்கலைக்கழகத்தில், ருடால்ஃப் புக்ஹைம் 1847 வாக்கில் தன் வீட்டு நிலவறையையே ஆய்வுக்கூடமாக்கி, மருந்து உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்று சோதிக்கத் தொடங்கினார். மருந்தியல் ஒரு பல்கலைக்கழகத் துறையானது அப்படித்தான். நோயை மறந்துவிட்டு மருந்தையே ஆராயலாம், நஞ்சை நஞ்சாகவே ஆராயலாம் என்ற சுதந்திரம் இந்தத் துறையோடு வந்தது. கால்சிசினின் வாழ்க்கையில் நடந்த பெரிய திருப்பங்கள் எல்லாமே இந்தச் சுதந்திரத்தின் பலன்.

முதல் திருப்பம் கவனிப்பாரற்றுப் போனது. 1889இல் சிசிலித் தீவின் பலெர்மோவில் பியாஜோ பெர்னிச்சே என்ற நோய்க்கூற்றியலாளர், கால்சிகம் கொடுத்துக் கொன்ற நாய்களின் இரைப்பையையும் குடலையும் நுண்ணோக்கியில் பார்த்தார். பிரியும் நிலையில் இருந்த உயிரணுக்கள் வழக்கத்துக்கு மாறாகக் குவிந்து கிடந்தன. பார்த்ததை வரைந்து சிசிலியிலேயே ஓர் இதழில் வெளியிட்டார். அதன் பொருள் மற்றவர்களுக்கு விளங்க அறுபது ஆண்டுகள் ஆயின.

கவுட்டை மறந்த ஆய்வுக்கூடங்கள்

1930களில் பிரசல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பெர் துஸ்தேனின் ஆய்வுக்கூடம் உயிரணுப் பிரிவைத் தடுக்கும் நஞ்சுகளைத் தேடிக்கொண்டிருந்தது. புற்றுநோய்தான் அவர்கள் இலக்கு. அங்கே கால்சிசினைச் சோதித்தபோது, பெர்னிச்சே கண்ட அதே காட்சி தெரிந்தது. உயிரணுக்கள் பிரியத் தொடங்குகின்றன, குரோமோசோம்கள் இரட்டிக்கின்றன, நடுவில் வந்து நிற்கின்றன, அதற்கு மேல் நகர்வதில்லை. இப்படி நின்றுபோன அணுக்கள்தான் பலெர்மோவில் குவிந்து கிடந்தவை. பிரிவு கூடியதால் வந்த கூட்டம் அல்ல, பிரிவு முடியாமல் தேங்கிய கூட்டம்.

தாவரவியலாளர்கள் இதில் வேறொரு வாய்ப்பைப் பார்த்தார்கள். குரோமோசோம் இரட்டித்து, உயிரணு பிரியாமல் போனால், அந்த ஒரே அணுவில் இரண்டு மடங்கு குரோமோசோம் தங்கிவிடும். 1937இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீயும் ஏமஸ் ஏவரியும் ஊமத்தைச் செடிகளுக்குக் கால்சிசின் போட்டு, இரட்டிப்புக் குரோமோசோம் கொண்ட கிளைகளை வரவழைத்தார்கள். செய்தி வெளியானதும் உலகெங்கும் பயிர்ப் பெருக்கத் துறைகள் இதை வாங்கிக் குவித்தன. மலட்டுக் கலப்பினங்களை விதை கட்ட வைக்க இது வழி. கோதுமையையும் ரை தானியத்தையும் கலந்து உருவான டிரிட்டிகேல் பயிராக நிலைத்தது இதனால்தான். ஜப்பானில் கிஹாரா ஹிதோஷி இரட்டித்த தர்ப்பூசணிச் செடியைச் சாதாரணச் செடியோடு கலந்து, விதையில்லாத தர்ப்பூசணியை உண்டாக்கினார். இன்று பழக்கடையில் விதையில்லாத் தர்ப்பூசணி வாங்குபவர் சாப்பிடும் பழத்தில் கால்சிசின் இல்லை. அதன் மூதாதை ஒன்றின் நாற்று நுனியில் ஒரு சொட்டு விழுந்திருக்கும்.

ஸ்வீடனில் ஆல்பர்ட் லெவான் வெங்காய வேர் நுனிகளில் கால்சிசினின் விளைவை 1938இலேயே விரிவாக எழுதியிருந்தார். பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ லுண்ட் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் மனித உயிரணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனிதனுக்கு 48 குரோமோசோம் என்று அதுவரை எல்லாப் பாடநூல்களும் எழுதின. பிரிந்துகொண்டிருக்கும் அணுவில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதால் சரியாக எண்ண முடிந்ததில்லை. ஜியோ அணுக்களைக் கால்சிசினால் நிறுத்தி, உப்புச் செறிவு குறைந்த நீரில் உப்பவைத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பினார். குரோமோசோம்கள் தனித்தனியாக விரிந்தன. எண்ணினால் 46. 1956இல் அவரும் லெவானும் அதை வெளியிட்டார்கள். டவுன் நோய்க்குறி ஒரு கூடுதல் குரோமோசோமால் வருகிறது என்று 1959இல் பிரான்சில் கண்டுபிடிக்க முடிந்தது, இயல்பான எண்ணிக்கை உறுதியாகத் தெரிந்ததால். மருத்துவமனைகளில் இன்று எடுக்கும் குரோமோசோம் பரிசோதனையிலும் உயிரணுவைப் பாதிவழியில் நிறுத்துவது கால்சிசின் அல்லது அதன் நெருங்கிய உறவான கால்செமிட்.

கவுட் மருந்து என்று ஆயிரம் ஆண்டு பெயரெடுத்த பொருள், இந்த இருபது ஆண்டுகளில் கவுட்டைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை. உயிர் எப்படி இரண்டாகிறது என்பதைச் சொல்லித் தந்தது.

பன்றி மூளையில் கிடைத்த விடை

நஞ்சு எதைப் பிடித்து நிறுத்துகிறது? சிகாகோ பல்கலைக்கழகத்தில் எட்வின் டெய்லர் 1960களில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். அவருடைய மாணவர் கேரி போரிசி, கதிரியக்கம் ஏற்றிய கால்சிசினைப் பல வகைத் திசுக்களில் கலந்து, அது எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று தேடினார். பிரிவைத் தடுக்கும் நஞ்சு என்பதால், வேகமாகப் பிரியும் திசுக்களில்தான் அந்தப் புரதம் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். ஆனால் அளவுக்கு மீறி ஒட்டியது மூளைத் திசுவில். மூளையின் நரம்பணுக்களோ பிரிவதே இல்லை.

குழப்பம் தந்த அந்த முடிவுதான் திறவுகோலாக அமைந்தது. நரம்பணுவின் நீண்ட வால் முழுவதும் நுண்குழாய்கள் நிறைந்திருக்கின்றன. உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்கும் கதிர்கோல் இழைகளும் அதே நுண்குழாய்கள்தான். விந்தணுவின் வாலிலும் அவைதான். கால்சிசின் ஒட்டியது இந்தக் குழாய்கள் எல்லாவற்றையும் கட்டும் அடிப்படைப் புரதத்தில். 1967இல் போரிசியும் டெய்லரும் முடிவுகளை வெளியிட்டார்கள். மறு ஆண்டு ஜப்பானின் ஹிதேயோ மோரி அந்தப் புரதத்துக்கு டியூபுலின் என்று பெயர் வைத்தார். பிற்பாடு ஆய்வுக்கூடங்கள் டியூபுலினை மொத்தமாக எடுக்கப் பன்றி மூளையையும் மாட்டு மூளையையும் தேடிப் போனதற்கு இதுவே காரணம்.

கட்டட வேலையில் சாரம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு நுண்குழாயின் வேலை எளிதில் புரியும். மூங்கிலை ஒன்றோடொன்று சேர்த்து உயர்த்துவார்கள். வேலை முடிந்த பக்கம் அவிழ்த்து, வேண்டிய பக்கம் கொண்டுபோய்க் கட்டுவார்கள். உயிரணுவுக்குள் டியூபுலின் துண்டுகள் சேர்ந்து குழாய் நீளுவதும், கழன்று குறுகுவதும் நொடிதோறும் நடக்கும். கால்சிசின் ஒட்டிய டியூபுலின் துண்டு நேராகப் பொருந்தாமல் வளைந்து நிற்கிறது என்பதை 2004இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர்ப் படமாகவே காட்டினார்கள். அப்படி வளைந்த துண்டு நுனியில் போய்ச் சேர்ந்தால் அதற்கு மேல் குழாய் வளராது.

இந்த ஒரு செய்தி கையில் வந்ததும், பழைய மருத்துவக் குறிப்புகளில் சிதறிக் கிடந்தவை ஒன்றுசேர்ந்தன. கால்சிசின் நஞ்சேறியவருக்கு முதல் நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும்: குடலின் உட்படலம் உடம்பிலேயே மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் திசுக்களில் ஒன்று. அடுத்த சில நாட்களில் ரத்த அணுக்கள் சரிகின்றன: எலும்பு மஜ்ஜையில் பிரிவு நின்றுவிட்டது. பிழைத்தவர்களுக்கு இரண்டாம் வாரத்தையொட்டி முடி கொட்டுகிறது: முடியின் வேரும் இடைவிடாது பிரியும் திசு. இலங்கையில் கார்த்திகைக் கிழங்கு தின்று உயிர் தப்பிய ஒருவருக்கு உடல் முழுவதும் முடி உதிர்ந்ததை, 1966இல் குணரத்ன என்ற மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பதிவு செய்திருக்கிறார். அப்போது டியூபுலின் என்ற பெயரே பிறக்கவில்லை. அலெக்சாண்டர் காலத்துப் பேதிக்கும் இலங்கையில் உதிர்ந்த முடிக்கும் காரணம் ஒன்றுதான் என்பது ஒரு சில ஆண்டுகளில் தெளிவானது.

தாவர டியூபுலினில் கால்சிசின் மிக லேசாகத்தான் ஒட்டும். செடிகளில் குரோமோசோமை இரட்டிக்க, விலங்கணுவுக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு அடர்த்தியாகக் கொடுக்க வேண்டியிருப்பது இதனால். தின்ன வரும் விலங்கைத் தாக்கி, செடியை விட்டுவிடும் ஆயுதம் இது.

நோயாளியிடம் திரும்பிய வழி

கவுட்டில் என்ன நடக்கிறது என்ற விளக்கமும் இதன் பின்னரே முழு உருவம் பெற்றது. மூட்டில் யூரிக் அமிலம் ஊசிப் படிகங்களாகப் படிகிறது. வெள்ளை அணுக்கள் படையாக வந்து அவற்றை விழுங்குகின்றன. வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவது படிகத்தைவிட இந்தப் படைதான். ரத்தக் குழாயைத் துளைத்து வெளியே வரவும், நகரவும், விழுங்கவும் வெள்ளை அணுவுக்கு நுண்குழாய்கள் வேண்டும். 2006இல் ஸ்விட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் யூர்க் ட்சோப்பின் குழு, படிகங்கள் உயிரணுவுக்குள் இன்ஃப்ளமசோம் என்ற எச்சரிக்கை அமைப்பைத் தூண்டுவதையும், கால்சிசின் கொடுத்தால் அந்த எச்சரிக்கை எழாமல் போவதையும் காட்டியது. வெள்ளை அணுவை முடக்கத் தேவைப்படும் அளவு மிகக் குறைவு. குடலையும் மஜ்ஜையையும் முடக்கும் அளவு அதற்குச் சற்றே மேலே. அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் இந்த மருந்து வாழ்கிறது.

அந்த இடைவெளியை மருத்துவம் மதிக்கத் தொடங்கியது மிகத் தாமதம். வலி தீரும்வரை அல்லது வயிற்றுப்போக்கு தொடங்கும்வரை மணிக்கொரு மாத்திரை என்பதுதான் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த முறை. நஞ்சின் முதல் அறிகுறியையே அளவுகோலாக வைத்திருந்தார்கள். 2010இல் வெளியான ஒரு சோதனையில், ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம் பெற்றவர்களுக்கும், ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம் மட்டும் பெற்றவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது. வயிற்றுத் தொல்லை மட்டும் குறைந்த அளவுக்காரர்களுக்கு மிகக் குறைவு. நரம்பூசி வழியாகச் செலுத்தும் கால்சிசினை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் நிறுத்தச் சொன்னது. கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்ட்டிபயாட்டிக்குகள் கால்சிசினை உடம்பைவிட்டு வெளியேறவிடாமல் தடுக்கும். வழக்கமான அளவு சாப்பிட்டும் இறந்தவர்களில் பலர் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்கள் என்பதும் அந்தச் சமயத்தில் வெளிப்பட்டது.

குறைந்த அளவே போதும் என்று காட்டிய சோதனையைச் செய்த நிறுவனத்துக்கு அமெரிக்காவில் 2009இல் தனியுரிமை கிடைத்தது. ஏறத்தாழ 9 சென்ட்டுக்கு விற்ற மாத்திரை 4.85 டாலர் ஆனது. ஒன்றரை ஆயிரம் ஆண்டு பழைய மருந்தைப் பாதுகாப்பாகக் கொடுப்பது எப்படி என்று கண்டதற்கான கட்டணம் அது.

இடையில் வேறு நோய்களும் இதைத் தேடி வந்தன. ஆர்மேனியர், யூதர், துருக்கியர், அரபியர் குடும்பங்களில் பரம்பரையாக வரும் மத்தியதரைக் காய்ச்சலுக்கு இது பயன்படுவதை 1972இல் பாஸ்டன் மருத்துவர் ஸ்டீஃபன் கோல்ட்ஃபிங்கர் ஒரு சிறு கடிதமாக எழுதினார். இன்றும் அந்த நோயின் முதல் மருந்து இதுவே. அடைபட்ட இதயக் குழாயிலும் அழற்சி இருக்கிறது என்பதால் அங்கேயும் முயன்றார்கள். 2019இல் கனடாவின் மாண்ட்ரியல் இதய நிறுவனம் நடத்திய சோதனையில், மாரடைப்பு வந்த 4,745 பேரில் தினம் 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களில் 5.5 சதவீதத்தினருக்கு மறுபடி இதயப் பாதிப்பு வந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 7.1 சதவீதம். 2023இல் அமெரிக்கா இதய நோய்க்கும் அனுமதி தந்தது. 2024இல் 7,062 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையோ மாரடைப்புக்குப் பின் பலன் எதையும் காணவில்லை. வாதம் தொடர்கிறது.

செங்காந்தளின் முறை

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களில் முதலில் நிற்பது செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் அதுதான். அதன் கிழங்கு நஞ்சு என்பது நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். நறுக்கி, உப்பிட்ட மோரில் ஊறவைத்து, காயவைத்துச் சுத்தி செய்த பிறகே நாட்டு மருத்துவர்கள் எடுப்பார்கள். கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வார்டன், உதகையில் சென்னை அரசின் குயினைன் வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர், பம்பாயின் டைமாக் மூவரும் 1889 முதல் 1893 வரை வெளியிட்ட ‘ஃபார்மகோகிராஃபியா இண்டிகா’வில் இந்தக் கிழங்கும் இடம்பெற்றது. அதன் நஞ்சு கால்சிசின்தான் என்று லண்டன் வேதியியலாளர்கள் காட்டியது 1915இல். கண்டங்கள் தள்ளி வளரும் இரு செடிகள், தொலைவான உறவில் ஒரே குடும்பத்தவை, ஒரே மூலக்கூறைச் செய்துகொண்டிருந்தன.

காட்டுக் கொடியைத் தோண்டியெடுத்து ஏற்றுமதி செய்த காலம் போய், தமிழ்நாட்டு விவசாயிகள் இதைப் பயிராக்கினார்கள். கிழங்கைவிட விதையில் கால்சிசின் அதிகம் என்பதால் சந்தை கேட்பது விதையை. கலப்பை வடிவக் கிழங்கை ஊன்றி, கம்பியும் காய்ந்த மிலாரும் கொண்டு பந்தல் போட வேண்டும். செலவில் பெரும் பங்கு விதைக்கிழங்குக்கே போய்விடும். இலை நுனியே பற்றுக்கம்பியாகி ஏறும். மஞ்சளும் சிவப்புமாகப் பூ விரியும்போது சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் பூக்கும் பருவத்தில் காலையில் வயலுக்குள் இறங்கி, பூப்பூவாக மகரந்தத்தைக் கையால் எடுத்துத் தடவுகிறார்கள். காய் வெளுத்துச் சுருங்கும்போது பறித்து, உடைத்து, செம்பழுப்பு விதையைக் காயவைத்து வியாபாரியிடம் கொடுக்கிறார்கள். அங்கிருந்து ஆலைக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. கால்சிசினாக மட்டுமல்ல, தசைப்பிடிப்புக்கு இந்தியாவில் தாராளமாக எழுதப்படும் தயோகால்சிகோசைடும் இந்த விதையிலுள்ள பொருளிலிருந்தே தயாராகிறது.

ஆலையிலேயே செய்துவிட முடியாதா? முயன்றவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. கோட்டிங்கனில் விண்டாஸ் எழுதிய கட்டமைப்பில் ஒரு வளையம் தவறாக இருந்தது. அது ஏழு கார்பன் கொண்ட வளையம் என்று 1945இல் ஆக்ஸ்ஃபோர்டின் மைக்கேல் டூவர் சொன்னார். 1959இல் சூரிக்கில் எஷன்மோசர் இதை முழுக்கச் செயற்கையாகக் கட்டினார். பிறகு ஹார்வர்டின் வுட்வர்டும் கட்டினார். வேதியியலின் வெற்றிகள் அவை. ஆனால் படிகள் அதிகம், கிடைப்பது கொஞ்சம். கையால் மகரந்தம் தடவிய விதை அதைவிட மலிவு.

2020இல் கணக்கு மாறத் தொடங்கியது. செடி இந்த மூலக்கூறை எந்தப் படிகளில் செய்கிறது என்பதை, பிரிட்டனின் ஆலன் பாட்டர்ஸ்பி கதிரியக்கம் ஏற்றிய பொருள்களைச் செடிகளுக்குக் கொடுத்து ஏற்கெனவே தடம் பிடித்திருந்தார். எந்த மரபணுக்கள் அந்த வேலையைச் செய்கின்றன என்பது தெரியாமல் இருந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் சாட்டலியின் குழு அதைத் தேட எடுத்துக்கொண்ட செடி செங்காந்தள். அதன் மரபணுக்களைப் புகையிலையின் உறவுச் செடி ஒன்றில் புகுத்தி, சாதாரண அமினோ அமிலங்களிலிருந்து கால்சிசினுக்குச் சில படிகளே குறைவான பொருளை வரவழைத்தார்கள். நாளை அதே மரபணுக்கள் ஈஸ்ட் தொட்டிக்குள் போகலாம். செயற்கை அவுரிச் சாயம் 1897இல் சந்தைக்கு வந்த பிறகு அவுரி வயல்களுக்கு என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரிந்த வரலாறு.

இந்த நஞ்சிடமிருந்து பல்கலைக்கழகங்கள் கற்றது ஏராளம்: மனிதக் குரோமோசோமின் எண்ணிக்கை, உயிரணுவின் எலும்புக்கூடு, பழத்திலிருந்து விதையை நீக்கும் வித்தை. அதில் வயலுக்குத் திரும்பி வந்தது என்ன என்று பார்த்தால் கை நிறையவில்லை. ஆலைக்குத் தேவை விதையின் கால்சிசின் சதவீதம். விவசாயி விற்பது கிலோ கணக்கில். நிலத்துக்கு நிலம், இரகத்துக்கு இரகம் அந்தச் சதவீதம் மாறும். அதை அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி கொங்கு நாட்டின் மருந்தாக்கியல் கல்லூரிகளில் மாணவர் பயிற்சிக்காகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பாடத்தில் ஆல்கலாய்டு என்று கால்சிசின் வருகிறது. நச்சியல் பாடத்தில் முறிவு மருந்து இல்லாதது என்றும் வருகிறது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி அதே விதையை வெறுங்கையால் உடைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, இரண்டு பாடமும் இரண்டு தாள்களாகப் போய்ச் சேர்ந்தால் போதும்: உங்கள் விதையில் இத்தனை சதவீதம் என்ற அளவுச் சீட்டு ஒன்று, கையுறை போடுங்கள் என்ற எச்சரிக்கை ஒன்று. சீட்டு கையில் இருக்கும் விவசாயி வியாபாரியிடம் பேசும் விலை வேறாக இருக்கும். ஈஸ்ட் தொட்டி வருவதற்குள் இதைச் செய்ய இன்னும் காலம் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை.